கண்ணாடிக் கூரையும் கல் கூரையும்

வேலை விஷயமாக மிலான் போன சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். தலைக்கு மேலே, கோபுர உயரத்தில் கண்ணாடிக் கூரை. இரண்டு பக்கமும் கடைகள். நடுவில் சலவைக்கல் தரையில் ஜனம் சும்மா நடந்துகொண்டிருக்கிறது. கூடவே அவன் குரல்: "அண்ணே, நம்ம புதுமண்டபத்துக்குக் கண்ணாடியில கூரை போட்டா இப்படித்தாண்ணே இருக்கும்."

எங்கள் மதுரைப் புதுமண்டபத்துக்குக் கண்ணாடிக் கூரையா? அக்னி நட்சத்திரத்தில் உள்ளே போகிறவன் அப்பளமாகப் பொரிந்துதான் வெளியே வருவான். சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டேன். ஆனால் அவன் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யோசிக்க யோசிக்க, பயல் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறான் என்று பட்டது.

அவன் நின்ற இடத்தின் பெயர் கலேரியா விட்டோரியோ இமானுவேலே. ஒன்றாக இணைந்த இத்தாலியின் முதல் மன்னர் பெயர் அது. ஒரு முனையில் இறங்கினால் மிலானின் பேராலயம், மறுமுனையில் இறங்கினால் லா ஸ்காலா என்ற உலகப் புகழ் இசை அரங்கம். கோயிலுக்கும் அரங்கத்துக்கும் நடுவே கூரை போட்ட ஒரு தெரு, அவ்வளவுதான். நம்மூரில் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தை விட்டு வெளியே வந்து சித்திரை வீதியைக் கடந்தால் புதுமண்டபம். அதற்கும் கிழக்கே, திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் போன இராயகோபுரம். கோயிலுக்கும் கோபுரத்துக்கும் நடுவே கூரை போட்ட ஒரு கடைத்தெரு. அளவுகூடக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. புதுமண்டபம் 333 அடி நீளம், 105 அடி அகலம் என்பது பழைய கணக்கு. மீட்டரில் சுமார் 100 நீளம். சிலுவை வடிவில் உள்ள கலேரியாவின் குட்டைக் கை சுமார் 105 மீட்டர். நீளக் கை அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அளவு ஒத்துப்போனாலும் இரண்டும் பிறந்த காரணம் நேர் எதிர். அங்கே கூரை வந்தது வியாபாரத்துக்காக. இங்கே கூரை வந்தது சாமிக்காக. வியாபாரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கண்ணாடிக் கூரைக் கடைத்தெரு என்ற யோசனை பாரிஸில்தான் வேர்விட்டது. 1800 வாக்கில் அந்த ஊர்த் தெருக்கள் நாம் நினைக்கும் பாரிஸ் இல்லை. நடைபாதை கிடையாது. நடுத்தெருவில் சாக்கடை ஓடும். குதிரை வண்டி போகிற வேகத்தில் சேறு முகத்தில் தெறிக்கும். அதற்கு மேல் மழை, குளிர். வசதியான வீட்டுப் பெண்கள் நடந்து போய்க் கடை பார்ப்பது என்பதே நடக்காத காரியம். அப்போது சில முதலாளிகள் இரண்டு தெருக்களுக்கு நடுவே இருந்த மனைகளைக் குடைந்து, ஒரு சந்து விட்டு, மேலே கண்ணாடி போட்டார்கள். வெளிச்சம் வரும், மழை வராது, வண்டி வராது. 1800-இல் திறந்த பாசாஜ் தே பனோராமா இன்றும் இருக்கிறது. 1819-இல் லண்டனில் பர்லிங்டன் ஆர்கேட் வந்தது. பக்கத்து மாளிகைக்காரர் தன் தோட்டத்துக்குள் போகிற வருகிறவர்கள் சிப்பி ஓட்டை வீசுகிறார்கள் என்ற எரிச்சலில்தான் அந்த இடத்தில் கடை கட்டினார் என்று ஒரு கதை உண்டு. அங்கே இன்றும் தொப்பியும் கோட்டும் போட்ட சொந்தக் காவலர்கள் நிற்கிறார்கள். உள்ளே விசிலடிக்கக் கூடாது என்பது பழைய விதி. நம்ம ஊர்ப் பிள்ளைகள் அங்கே ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்க மாட்டார்கள்.

இந்தச் சின்னச் சந்துகளை ஊதிப் பெரிதாக்கி, ஒரு நகரத்தின் முகமாகவே ஆக்கியது மிலான். ஜுசெப்பே மெங்கோனி என்ற கட்டடக் கலைஞர் வரைந்தார். 1865 மார்ச்சில் அடிக்கல். 1867 செப்டம்பரில் திறப்பு. கட்ட ஆரம்பித்தது ஓர் ஆங்கிலக் கம்பெனி. அது பாதியில் நொடித்துப்போக, மிலான் மாநகராட்சியே எடுத்துக்கொண்டது. பேராலயத்தைப் பார்த்த பெரிய வளைவு மட்டும் 1877 வரை இழுத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, வேலையைப் பார்க்கச் சாரத்தில் ஏறிய மெங்கோனி தவறி விழுந்து செத்துப்போனார். பத்து நாள் கழித்து, யார் பெயரை வைத்தார்களோ அந்த மன்னரும் இறந்தார். ஆக, கட்டியவரும் பெயருக்கு உரியவரும் முழுமையான கலேரியாவில் ஒருநாள்கூட உலாவவில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நான்கு கைகளும் கூடும் நடுவில் எண்கோண வடிவ முற்றம். அதன் மேல் 47 மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கும்மட்டம். மின்சாரம் வராத காலம் என்பதால் அங்கே வளையமாக எரிவாயு விளக்குகள். அவ்வளவு உயரத்தில் தினமும் யார் ஏறி ஏற்றுவது? கும்மட்டத்தின் விளிம்பில் சுற்றித் தண்டவாளம் போட்டு, சாவி கொடுத்தால் ஓடுகிற ஒரு குட்டி இயந்திரத்தை விட்டார்கள். அது திரியைச் சுமந்துகொண்டு ஓட, ஒவ்வொரு விளக்காகப் பற்றிக்கொள்ளும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ரத்தீன்', அவர்கள் பேச்சில் எலிக்குட்டி. பொழுது சாய்ந்தால் எலிக்குட்டி ஓடுவதைப் பார்க்கவே கூட்டம் கூடும், கழுத்து வலிக்க அண்ணாந்தபடி. நம்ம ஊரில் பொழுதுபோகாதவர்கள் விளக்குத்தூண் பக்கம் நின்று போகிற வருகிறவர்களைப் பார்ப்பதுபோல. ஓர் இடம் ஊருக்கு அடையாளமாவது இப்படித்தான். வாங்குவதற்கு ஒன்றுமில்லாதபோதும் போய் நிற்க ஒரு காரணம் இருக்கவேண்டும். கலேரியாவை 'மிலானின் வரவேற்பறை' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதும் அதனால்தான்.

இனி நம்ம கூரைக்கு வருவோம்.

திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. வைகாசியில் சுந்தரேசுவரருக்கும் மீனாட்சிக்கும் நடக்கும் வசந்த உற்சவத்துக்காக அவர் எழுப்பியது இந்த மண்டபம். வசந்த மண்டபம் என்பதுதான் அதன் வேலையைச் சொல்லும் பெயர். வாயில் நின்ற பெயர் 'புது'. நானூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் புதுசுதான். மேற்கு ஓரத்தில் கருங்கல்லில் ஒரு சின்ன மண்டபம், சாமி வந்து அமர்வது அங்கே. சுற்றிலும் ஓர் அகழி, அதில் தண்ணீர். வெளியே வெயில் கொளுத்தும்போது கூரை நிழலிலும் நீரின் ஈரத்திலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஏர்கண்டிஷன் இல்லாத காலத்து ஏர்கண்டிஷன்.

ஐரோப்பாவில் இருக்கிறவனுக்கு வெளிச்சம் பஞ்சம். மேகம் மூடிய ஆறு மாதத்தில் அவனுக்குக் கூரை வழியாக வெளிச்சம் வேண்டும். மதுரைக்காரனுக்கு வெளிச்சத்துக்கு என்ன குறை? அவனுக்கு வேண்டியது இருட்டு. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், ஆனால் சூடேறிய தரையும் சுவரும் திருப்பி வீசும் வெப்பத்தை வெளியே விடாது. மிலானில் கோடை இல்லாமல் இல்லை. அங்கே கூரை வெகு உயரத்தில் இருப்பதால் சூடான காற்று மேலே போய் நிற்கிறது, நான்கு முனைகளிலும் கதவே இல்லாததால் காற்று ஓடுகிறது. அதனால்தான் தாங்குகிறது. நம்மூரில் சமீப காலத்து வணிக வளாகங்கள் முகப்பு முழுக்கக் கண்ணாடி ஒட்டி, அந்தச் சூட்டைத் தணிக்க ஏசி போட்டு, அதற்கு கரண்ட் பில் கட்டுகிற கூத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாயக்கரின் அகழி ஞாபகம் வரும்.

இரும்புக்கும் கல்லுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் சுவாரசியமானது. கல்லை மேலிருந்து அழுத்தினால் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஆனால் இரண்டு முனையில் தாங்கல் கொடுத்து நடுவில் தொங்கவிட்டால் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். எனவே கல் உத்தரமும் கல் பலகையும் கொஞ்ச தூரம்தான் பாயும். அதற்குள் அடுத்த தூண் வந்தாக வேண்டும். புதுமண்டபத்தில் நான்கு வரிசையாக 124 தூண்கள் நிற்பது அழகுக்காக மட்டுமில்லை, வேறு வழியில்லாமலும்தான். இரும்பு இழுவையையும் தாங்கும். அதனால் மெங்கோனி தன் 14 மீட்டர் சொச்சம் அகலத் தெருவை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் மூட முடிந்தது.

இந்த ஒரு விஷயம் இரண்டு ஊர்க் கடைகளின் தலையெழுத்தையே தீர்மானித்துவிட்டது. மிலானில் கடைகள் சுவருக்குள் போய்விட்டன, நடுத்தெரு ஜனங்களுக்கு. மதுரையில் இரண்டு தூணுக்கு நடுவே ஓர் இடம் தானாகக் கிடைத்தது. பின்னால் தட்டி, முன்னால் பலகை, கடை ரெடி. அப்படித் தூண் தூணாகக் கடை ஏறி ஏறி, மிச்சம் இருந்ததுதான் பாதை. எதிரே ஆள் வந்தால் ஒருக்களித்துப் போகவேண்டும். மிலான் கடைக்காரன் வாடிக்கையாளரைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறான். புதுமண்டபத்துக் கடைக்காரர் கையை நீட்டினால் நம் சட்டையைத் தொட்டுவிடலாம். தொட்டு, "தம்பி, என்ன வேணும், சும்மா பாருங்க" என்றும் சொல்வார்.

நான் முதன்முதலில் உள்ளே போனது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. ஆரம்பப் பள்ளியில் மாறுவேடப் போட்டி, எனக்குக் கட்டபொம்மன் வேடம். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் இருட்டிவிட்டது. முதலில் வந்தது சத்தம். நாலா பக்கமும் தையல் மிஷின் ஓடும் சத்தம், கல் கூரையில் மோதித் திரும்பி, மழை பெய்கிற மாதிரி. அப்புறம் வாசனை: புதுத் துணியின் கஞ்சி வாடை, மிஷின் எண்ணெய், பழைய புத்தகம். கண் பழகியபோது தலைக்கு மேலே ஒரு யாளி வாயைப் பிளந்து நின்றது. அதன் தூக்கிய காலில் தையல்காரரின் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். டேப்பை எடுத்து ஒரே இழுப்பில் தோள், மார்பு, இடுப்பு. நோட்டில் எழுதவில்லை. "வளர்ற புள்ள, ரெண்டு விரக்கடை சேர்த்து விட்டுர்றேன்மா, அடுத்த வருசமும் போடலாம்." அடுத்த வருஷம் காந்தி வேடம் போட்டேன், அது வேறு கதை.

வேடத்துணிதான் புதுமண்டபத்தின் உயிர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது, நேர்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரியெடுத்து ஆடுகிறவர்கள் போடும் சல்லடம், உருமா, குல்லா எல்லாம் தைக்கப்பட்டது இங்கேதான். தண்ணீர் பீய்ச்சும் தோல் பையும் இங்கே கிடைக்கும். பங்குனி பிறந்ததும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து சாரி சாரியாக வந்து அளவு கொடுப்பார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை வெல்வெட்டில் ஜிகினா வைத்துத் தைத்த உடுப்புகள் தூணுக்குத் தூண் தொங்கும். அழகருக்கு நேர்ந்தவனின் உடுப்பைத் தைப்பவர்களில் முஸ்லிம் தையல்காரர்களும் உண்டு. மதுரையில் யாரும் அதை விசேஷமாகச் சொல்லிக்கொள்வதில்லை. தையல் தவிர பாத்திரம், வளையல், பாசி, கோயில் குடை, வாசல்மாலை, பஞ்சாங்கம், சொப்புச் சாமான். பழைய பாடப் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிப் படித்து ஆளானவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

இவ்வளவுக்கும் நடுவே சிற்பங்கள் இருந்தன என்பதைச் சொல்லவேண்டும். 'இருந்தன' என்றுதான் சொல்லமுடியும், பார்க்க முடிந்தது கம்மி. நடு வரிசையில் பத்து நாயக்க மன்னர்கள் தேவியரோடு கைகூப்பி நிற்கிறார்கள், திருமலை நாயக்கரும் தன் தொந்தியோடு. கல் யானை கரும்பு தின்ற திருவிளையாடல் ஒரு தூணில். பன்றிக்குட்டிகளுக்குத் தாயாகிப் பால் கொடுத்த சிவன் இன்னொன்றில். ஊர்த்துவ தாண்டவரும் காளியும் போட்டிக்கு நிற்கிறார்கள். அரசி சிலை ஒன்றில் தொடைப் பக்கம் கல் சில்லு பெயர்ந்திருப்பதைக் காட்டி, அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் அதை அப்படியே விடச் சொன்னதும், அரசிக்கு அந்த இடத்தில் மச்சம் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று அரசர் சந்தேகப்பட்டதும், தீட்சிதர் தன் கண்ணையே அவித்துக்கொண்டதுமாக ஒரு கதை சொல்வார்கள். கர்ணபரம்பரைக் கதைதான். மிலானிலும் இப்படி ஒன்று உண்டு. தரையில் டுரின் நகரச் சின்னமான காளையைக் கல் பதித்து வரைந்திருக்கிறார்கள். அதன் விரைமேல் குதிகாலை வைத்து மூன்று சுற்றுச் சுற்றினால் அதிர்ஷ்டமாம். சுற்றிச் சுற்றி அந்த இடத்தில் குழியே விழுந்துவிட்டது. மாநகராட்சி அவ்வப்போது கல்லை மாற்றிப் பதிக்கிறது, ஜனங்கள் மறுபடி குழி பறிக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்களுக்குப் புதுமண்டபத்தின்மேல் பெரிய மோகம். 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலேயே இதை அளந்து, வரைந்து லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மதுரையின் வேறொரு கோயில் மண்டபத்தைச் சேர்ந்த தூண்களை 1912-இல் ஓர் அமெரிக்கப் பெண்மணி விலைக்கே வாங்கிப்போனார். அவை இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் மண்டபமாக நிற்கின்றன. அங்கே அந்தத் தூண்களுக்கு நடுவே யாரும் கடை போடவில்லை, யாரும் வியர்வையோடு ஒருக்களித்துப் போவதும் இல்லை.

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. உள்ளே கடைகள். துணியும் பிளாஸ்டிக்கும் கொழுந்துவிட்டு எரிந்தன. கல் எரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். எரியாது, ஆனால் வெடிக்கும். கருங்கல்லில் பல தாதுக்கள் கலந்திருக்கின்றன. சூடேறும்போது ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்கு விரிகிறது. உள்ளுக்குள்ளேயே ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளி விரிசல் விடுகிறது. ஏற்கெனவே இழுவைக்குப் பலமில்லாத உத்தரத்தில் விரிசல் விட்டால் கதை முடிந்தது. கூரை பெயர்ந்து விழுந்தது. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானபோது பழைய புத்தகக்காரர்கள் தெருவுக்கு வந்ததைக் கேள்விப்பட்டிருந்தோம், இது நம் வாசலிலேயே நடந்தது.

அதற்குப் பிறகு கோயிலைச் சேர்ந்த இடங்களில் கடைகள் கூடாது என்ற பேச்சு கோர்ட் வரை போய் உறுதியானது. புதுமண்டபத்துக் கடைகளுக்காகப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் மாநகராட்சி புதிய வளாகம் கட்டியது. சுமார் 300 கடைகள். ஒவ்வொன்றாகப் பெயர்ந்து போனார்கள்.

என் கட்சி என்ன என்று கேட்டால், கடைகளை வெளியேற்றியது சரி. தூணில் ஆணி, சிற்பத்தின் கழுத்தில் கயிறு, தலைக்கு மேல் தாறுமாறாக ஓடிய ஒயர், அதற்கு அடியில் மலை மலையாகத் துணி. எரியாமல் இத்தனை காலம் தப்பித்ததே அம்மன் அருள் என்று அங்கே கடை வைத்திருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கலேரியாவில் மாநகராட்சிதான் வீட்டுக்காரன். போர்டு கறுப்புப் பின்னணியில் தங்க எழுத்தாகத்தான் இருக்கவேண்டும் என்றால் மெக்டொனால்ட்ஸும் தன் சிவப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கறுப்பில்தான் போர்டு மாட்டியது. நம்மிடம் அப்படி ஒரு கட்டுப்பாடு ஆரம்பத்திலிருந்தே இருந்திருந்தால் பத்துக் கடையாவது உள்ளே தங்கியிருக்கலாம். இருக்கவில்லை.

ஆனால் காலி செய்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தை ஒட்டி 'கும்' என்ற பிரமாண்டமான கண்ணாடிக் கூரை அங்காடி இருக்கிறது, 1893-இல் திறந்தது. 1928-இல் ஸ்டாலின் கடைகளைக் கிளப்பிவிட்டு அதை அரசு ஆபீஸாக்கினார். கூரை அப்படியேதான் இருந்தது. கட்டடத்துக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் ஜனங்கள் போக அங்கே ஒன்றுமில்லை. 1953-இல் மறுபடி கடைகள் வந்த பிறகுதான் அது மறுபடியும் ஊர் இடமானது. புதுமண்டபத்துக்குக் கடைகள் திரும்ப வேண்டாம். காலையில் கதவைத் திறந்து சாயங்காலம் வரை யாரும் உள்ளே வந்து உட்கார விட்டால் போதும். ஓதுவார் பாடட்டும், பள்ளிப் பிள்ளைகள் யாளிக்கு முன்னால் உட்கார்ந்து படம் வரையட்டும், வெயிலில் அலைந்த கிராமத்துக் கிழவி தூணில் சாய்ந்து ஒரு தூக்கம் போடட்டும். அகழியில் தண்ணீர் விட முடிந்தால் இன்னும் நல்லது. பூட்டு போட்டு, கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்க்கவைக்கிற நினைவுச்சின்னம் இந்த ஊரில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன சித்திரையில் போயிருந்தேன். வெள்ளைச் சுவர், டியூப் லைட், ஷட்டர் கதவு. மிஷின் சத்தம் இருக்கிறது, ஆனால் மழையாக இல்லை, தனித்தனியாகக் கேட்கிறது. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மகனை முன்னால் நிறுத்தி அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். பையனுக்குப் பத்து வயது இருக்கும், முதல் முறை தண்ணீர் பீய்ச்சப்போகிறான். டேப் விழுந்த இடமெல்லாம் கூச்சத்தில் நெளிந்தான். அப்பாவின் போன் அடித்தது. எடுத்து, வீட்டுக்காரம்மாவிடம் சத்தமாகச் சொன்னார்: "எங்கயும் போகல தாயி, புதுமண்டபத்துலதான் நிக்கிறோம். துணிய அளந்துட்டு வந்துர்றோம்."

தையல்காரர் அவரைத் திருத்தவில்லை. பையனின் தோளைத் திருப்பி, "நேரா நில்லுய்யா" என்றார்.